கடல் கழித்தல் அருள்ராணி

ஒஸ்லோவில் வடகடல் தூய்மை நிறுவகம் என்று ஒன்று இருந்தது. வடதுருவக் கடல் தூய்மையாக இருக்கிறது என்று ஆண்டுக்கொருமுறை அறிவிப்பது அதன் வேலை. அந்த வேலைக்கு நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் கடல்நீரைக் கையால் தொடுகிறவர்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருவர் 2006 இல் ஓய்வு பெற்றுவிட்டார். மிஞ்சியவள் அருள்ராணி.

அருள்ராணி யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்துக்கொண்டிருந்தவள். சண்டை படிப்பை முடிக்க விடவில்லை. இருபத்திரண்டு வயதில் நோர்வேக்கு வந்து, நாட்டின் வடக்கு முனையில் ஹம்மர்பெஸ்டில் ஒரு மீன் தொழிற்சாலையில் எட்டு வருடம் மீன் வெட்டினாள். அங்கேயே இந்திரகுமாரைக் கலியாணம் செய்தாள். ஆரணி பிறந்ததும் அங்கேதான். பிறகு குடும்பம் ஒஸ்லோவுக்கு வந்து ரொம்சோஸில் ஒரு மாடிவீட்டில் குடியேறியது. இந்திரகுமார் பஸ் ஓட்டினார். அவள் மறுபடியும் படித்து ஆய்வுகூட உதவியாளரானாள். நிறுவகத்தில் அவளுடைய வேலை தற்காலிகமானது. ஆறு மாதத்துக்கொருமுறை, இன்னும் ஆறு மாதம் என்று ஒரு கடிதம் வரும். அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் வாரங்களில் அவளுக்குச் சோறு இறங்காது.

2007 ஏப்ரலில் வடக்கிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே பன்னிரண்டு போத்தல் கடல்நீர். கடைசி வீட்டிலிருந்து கப்பலில் இரண்டு நாள் போனால் வருகிற இடத்தில், பனிப்பாறைகளுக்கு நடுவே மொண்ட தண்ணீர். அவள் அதைப் பிரித்து வடித்துக் கருவிக்குக் கொடுத்தாள். கருவி செயற்கைக் கஸ்தூரி என்று எழுதித் தந்தது.

சவர்க்காரத்திலும் சாம்புவிலும் உடுப்புத் தோய்க்கும் தூளிலும் வாசனைக்காகப் போடுகிற பொருள் அது. குளித்துவிட்டு நாம் மறந்துபோகிறோம், அது குழாய்வழியே இறங்கிக் கடலுக்குப் போகிறது. துருவத்துத் தண்ணீரில் அதன் அளவு நான்கு. ஒரு லீற்றரில், ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் நான்கு பங்கு. சொற்பம்தான். ஆனால் அங்கே குளிப்பவர் யாருமில்லை.

அவள் மூன்று முறை திருப்பிச் செய்தாள். மூன்று முறையும் நான்கு. சுத்தமான தண்ணீரை அதே போத்தலில் ஊற்றி, அதே கையால், அதே மேசையில் வைத்துச் செய்து பார்த்தாள். சைபர். தாளை எடுத்துக்கொண்டு தரப் பொறுப்பாளர் வென்கேயிடம் போனாள்.

வென்கே தாளைப் பார்க்கவில்லை. சற்று முன்னால் குனிந்து அருள்ராணியை மோந்து பார்த்தாள்.

"நீங்கள் என்ன சவர்க்காரம் பாவிக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

அருள்ராணி சொன்னாள். ரொம்சோஸ் கடையில் மூன்று கட்டியாக விற்கிற சாதாரணச் சவர்க்காரம்.

"அதுதான்," என்றாள் வென்கே நிம்மதியாக.

"ஆனால் சுத்தத் தண்ணீரில் சைபர் வந்தது. என்னிடமிருந்து வந்திருந்தால் அதிலும் வந்திருக்குமே."

வென்கே அதை யோசித்துப் பார்த்தாள். "சுத்தத் தண்ணீரில் வராதது உங்கள் கவனத்தைக் காட்டுகிறது. கடல்நீரில் வந்தது உங்கள் சவர்க்காரத்தைக் காட்டுகிறது," என்றாள். "இரண்டையும் நாங்கள் பதிவு செய்வோம்."

அந்த வாரமே அருள்ராணிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. சுற்றறிக்கை என்றாலும் அது அவளுக்கு மட்டும்தான் சுற்றியது. வாசனைச் சவர்க்காரம், சாம்பு, தலைக்கு எண்ணெய், முகத்துக்குக் கிரீம், உடம்புக்குப் பவுடர் எல்லாம் தடை. நிறுவகம் வாசனையில்லாத ஒரு திரவம் கொடுத்தது. அதைப் பூசினால் கையில் பழைய காட்போட் பெட்டியின் மணம் வந்தது. ஒரு மாதம் அவள் அதோடு காலம் தள்ளினாள். பிறகு இரண்டாவது பெட்டி வந்தது. நான்கு.

மே மாதக் கடைசியில் வென்கே வீட்டுக்கே வந்தாள். கையில் ஒரு படிவம், காலில் பிளாஸ்டிக் உறை. இந்திரகுமார் வேலைக்குப் போகாத நாள். அவர் தேத்தண்ணி போட எழுந்தார், வென்கே வேண்டாமென்று கைகாட்டிவிட்டு நேரே குளியலறைக்குப் போனாள். ஒவ்வொன்றாக எடுத்து வாசித்து எழுதினாள். இந்திரகுமாரின் சவரத் தைலம். ஆரணியின் வாசனை ஸ்பிரே, மூன்று. சாமிப்படத்தடியில் சந்தனம். சாம்பிராணிக்கு எதிரே சற்று நின்றுவிட்டு, "துருவப் பகுதியில் எதிர்பார்க்கப்படாதது" என்று குறித்தாள்.

"இது மாட்டுச் சாணத்திலை செய்த திருநீறு," என்று இந்திரகுமார் தானாகவே எடுத்துக் காட்டினார். "இதையும் எழுதுங்கோவன். ஒண்டும் விடாமல் எழுதினால்தானே நல்லது."

வென்கேவுக்குத் தமிழ் விளங்காது. சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.

குளியலறையில் இருந்த அதே சவர்க்காரம் தன்னுடைய வீட்டிலும் இருப்பதாக வென்கே போகும்போது சொன்னாள். நல்ல சவர்க்காரம், தோலுக்கு மென்மை என்றும் சொன்னாள். அவளுடைய வீட்டில் அது பட்டியலில் இருக்கவில்லை, குளியலறையில் இருந்தது.

கதவு சாத்தியதும் ஆரணி அறையிலிருந்து வெளியே வந்தாள். அவளுக்கு வயது பதினைந்து.

"அம்மா, அந்த மனுசி ஏன் என்ரை ஸ்பிரேயை மணந்து பாத்தவ?"

"கடலிலை மணக்குதாம்."

"என்ரை ஸ்பிரேயோ?"

"இன்னும் முடிவெடுக்கேல்லை," என்றாள் அருள்ராணி.

வடக்கில் வேறொரு நகரத்தில் வேறோர் ஆய்வுகூடம் இருந்தது. அங்கே தமிழர்கள் யாரும் வேலை செய்யவில்லை. நிறுவகத்தின் பணிப்பாளர் தூர்முட் பிரெக்கே அடுத்த பன்னிரண்டு போத்தல்களை நேரே அங்கே அனுப்பச் செய்தார். உண்மை வெளிப்பட்டுவிடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அருள்ராணியும் காத்திருந்தாள். தன்னை விட்டுவிடுவார்கள் என்று நம்பினாள்.

பதில் ஓகஸ்ட்டில் வந்தது. நான்கு.

இரண்டு நாள் நிறுவகத்தில் யாரும் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் யாரோ அவளுடைய வேலை விண்ணப்பத்தை எடுத்து வாசித்திருக்கிறார்கள். ஹம்மர்பெஸ்ட், எட்டு வருடம் என்று அதில் இருந்தது.

விசாரணை என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. உரையாடல் என்று வைத்தார்கள். நீண்ட மேசையில் ஒன்பது பேர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். சுவரில் கடல் நீரோட்டங்களின் வரைபடம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஹம்மர்பெஸ்டிலிருந்து வடகிழக்காக ஒரு சிவப்பு அம்பு மேலே போய்ப் பனியில் முடிந்தது.

பணிப்பாளர் எழுந்தார். உயரமான, அமைதியான மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது குரலை மெல்லியதாக்கிக்கொள்ளத் தெரிந்தவர்.

"எங்கள் நிறுவகம் அறுபது வருடங்களாக இந்தக் கடலைத் தூய்மையாக வைத்திருக்கிறது," என்று தொடங்கினார். "அளக்கத் தெரியாத காலத்திலேயே அது தூய்மையாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், அப்போதுதான் மிகத் தூய்மையாக இருந்தது. கருவிகள் வந்த பிறகுதான் சிக்கல்கள் வந்தன. நான் கருவிகளுக்கு எதிரானவன் அல்ல. ஆனால் ஒரு கருவி தன் எல்லையை அறிந்திருக்க வேண்டும். இந்தக் கடல் தூய்மையானது என்பது எங்களுடைய முடிவு. அந்த முடிவுக்கு வருவதற்குத்தான் நாங்கள் ஆராய்ச்சி செய்கிறோம். வேறு முடிவுக்கு வர வேண்டுமானால் அதற்கு வேறு நிறுவகம் இருக்க வேண்டும்."

மற்ற எட்டுப் பேரும் தலையசைத்தார்கள். பிறகு அவர் அவளைப் பார்த்தார்.

"அருள்ராணி, ஹம்மர்பெஸ்டில் இருந்த காலத்தில் நீங்கள் குளித்தீர்களா?"

அவளுக்கு முதலில் கேள்வி பிடிபடவில்லை. பிறகு அந்த மீன் நாற்றம் ஞாபகம் வந்தது. நகக்கண்ணுக்குள், முடிக்குள், முழங்கை மடிப்புக்குள் போய் இருக்கிற நாற்றம். வேலை முடிந்ததும் பெண்கள் வரிசையாக நின்று சவர்க்காரத்தைக் கரையக் கரையத் தேய்ப்பார்கள். அவள் எல்லோரையும் விட அதிகம் தேய்த்தாள். சும்மாவே அவளை வித்தியாசமாய்ப் பார்த்தவர்களுக்கு இன்னொரு காரணம் கொடுக்கக்கூடாதென்று தேய்த்தாள். அந்த நுரையெல்லாம் தரையில் இருந்த துவாரத்தால் இறங்கிப்போகும். துவாரத்துக்கு அடுத்தது கடல். அன்றைக்கு அது நல்லதாகப் பட்டது.

வரைபடத்தில் இருந்த அம்பைப் பார்த்தாள். அது பொய் இல்லை.

"ஓம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். பிறகு நோர்வேஜிய மொழியில் சொன்னாள். "அதில் என்னுடையதும் இருக்கும். உங்களுடையதும் இருக்கும். இந்த மேசையில் இருக்கிற எல்லாருடையதும், இந்த நகரத்தில் காலையில் குளித்த எல்லாருடையதும் இருக்கும். அதைத்தான் நான் ஏப்ரலிலிருந்து சொல்கிறேன்."

கூட்டக் குறிப்பு அடுத்த நாள் வந்தது. அதில் அவளுடைய பெயருக்கு எதிரே, 'தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார்' என்று இருந்தது. மற்றது இல்லை. மற்றது எங்கே என்று அவள் கேட்டதற்கு, குறிப்பு என்பது சுருக்கம் என்று வென்கே விளக்கினாள். குறிப்போடு இன்னொரு தாளும் இருந்தது. நிரந்தர வேலைக்கான நியமனம். இரண்டுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிற இடத்தைப் பென்சிலால் புள்ளடி போட்டுக் காட்டியிருந்தார்கள்.

அவள் அன்று வீட்டுக்குக் கொண்டுபோனாள். இந்திரகுமார் இரண்டையும் வாசித்தார்.

"நீர் என்ன செய்யப்போறீர்?" என்றார்.

"பத்து வருசமா இந்தக் கடிதத்துக்குத்தான் காத்துக்கொண்டிருந்தனான்."

"அது தெரியும். மற்றக் கடிதத்தைக் கேக்கிறன்."

அவள் பேனாவை எடுத்தாள். குசினி மேசையில் வைத்து இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள். பேனா ஒரு இடத்திலும் தயங்கவில்லை. அதுதான் பிறகு பல நாட்கள் அவளை உறுத்தியது.

அதன்பின் காரியங்கள் வேகமாக நடந்தன. மூலம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதால் அதைக் கணக்கிலிருந்து அகற்ற வேண்டும் என்று நிறுவகம் தீர்மானித்தது. அதற்கு அருள்ராணியை அளக்க வேண்டும். ஹம்மர்பெஸ்ட் காலத்து நிலைமை திரும்ப வேண்டும் என்பதால் வாசனையில்லாத திரவம் பறிமுதல் செய்யப்பட்டது. தடை செய்த அதே சவர்க்காரம் இப்போது கட்டாயமாக்கப்பட்டது. ஒரு வாரம் காலையும் மாலையும் குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். வென்கே பஞ்சால் அவளுடைய இரண்டு கைகளையும் கழுத்தையும் துடைத்து எடுத்தாள்.

கருவி நாற்பதாயிரம் என்றது. அதைப் பத்தாயிரத்தால் வகுத்தார்கள். நான்கு வந்தது.

"எதற்குப் பத்தாயிரம்?" என்று அருள்ராணி கேட்டாள்.

"நான்கு வருவதற்கு," என்றாள் வென்கே. அவளிடம் ஒளிவுமறைவு கிடையாது.

அன்றிலிருந்து அது ஓர் அளவாயிற்று. கடல்நீரில் என்ன வந்தாலும் அதிலிருந்து ஓர் அருள்ராணியைக் கழிக்க வேண்டும். படிவத்தில் பழைய கட்டத்தை எடுத்துவிட்டு, 'திருத்திய பின்' என்று ஒரே ஒரு கட்டம் வைத்தார்கள். நான்கிலிருந்து நான்கு போகச் சைபர். வருடாந்த அறிக்கை வெளியாயிற்று. துருவத்து நீரில் முகக் கிரீம் செய்யக் காத்திருந்த ஒரு கம்பனிக்கு நிறுவகத்தின் தூய்மை முத்திரை கிடைத்தது. வெளியீட்டு விழாவில் ஊழியர் எல்லோருக்கும் ஆளுக்கொரு சின்னப் போத்தல் கிரீம் கொடுத்தார்கள். மண்டபமே மணத்தது. அருள்ராணி மூடியைத் திருப்பி, அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று வாசித்தாள். ஏழாவதாக அந்தக் கஸ்தூரி இருந்தது. பணிப்பாளர் மேடையில் நின்று, கடலையும் மனிதத் தோலையும் ஒன்றுசேர்த்த நாள் இது என்று பேசிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது சரிதான் என்று அவளுக்குப் பட்டது.

மாசி மாதம் ஒருநாள் ஆரணி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"இண்டைக்கு விஞ்ஞானப் பாடத்திலை உங்கடை கந்தோர்ப் புத்தகம் தந்தவை. வடதுருவத்திலை சைபர் எண்டு போட்டிருக்கு. நான் கையை உயத்தி, இல்லை நாலு எண்டு சொன்னனான். ஆர் சொன்னது எண்டு வாத்தியார் கேட்டார். அம்மா சொன்னவ எண்டன். வாத்தியார் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அதிலை ஆய்வு எண்டு போட்டு உங்கடை பேர் கிடக்கு."

அருள்ராணி அடுப்பை நிறுத்தினாள்.

"எல்லாரும் சிரிச்சவை," என்றாள் ஆரணி. "சொல்லுங்கோ, அது உண்மையா உங்கடை சவர்க்காரமோ?"

"என்ரையும் இருக்கு."

"அப்ப அதை ஒப்புக்கொண்டால் என்ன?"

"ஒப்புக்கொண்டனான் பிள்ளை. அவையள் மற்ற எல்லாற்றையையும் சேத்து என்ரை தலையிலை கட்டிப்போட்டினம். கட்டிப்போட்டுத் தாங்கள் துடைச்சுக்கொண்டு போட்டினம்." பிறகு, "கையெழுத்து நான்தான் போட்டனான்," என்றாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

அளவுகோலை வருடத்துக்கொருமுறை சரிபார்க்க வேண்டும் என்பது நிறுவகத்தின் விதி. அதற்கு மார்ச் கடைசியில் நாள் குறித்திருந்தார்கள். ஆரணி வந்து கேட்ட அன்று முதல் அருள்ராணி சவர்க்காரத்தைத் தொடவில்லை. வெறும் தண்ணீரில் குளித்தாள். உடுப்பையும் கட்டில் விரிப்பையும் துவாயையும் வெறும் சுடுதண்ணீரில் அலசினாள். கடலை மாவைத் தேய்த்துத் தலை முழுகினாள். இந்திரகுமார் ஒன்றும் கேட்காமல் தன்னுடைய சவரத் தைலத்தைக் கொண்டுபோய்ப் பஸ் டிப்போவில் வைத்துவிட்டார். ஸ்பிரே போத்தல்கள் ஒரு கிழமை கழித்துத் தாமாகக் குப்பைத்தொட்டிக்குள் கிடந்தன.

குறித்த நாளில் வென்கே பஞ்சால் துடைத்தாள். கருவி நானூறு என்றது. பத்தாயிரத்தால் வகுத்தார்கள். வென்கே அதைப் பலமுறை வகுத்துப் பார்த்தாள். ஓர் அருள்ராணி இப்போது, ஒன்றை நூறாகப் பிரித்தால் அதில் நான்கு பங்குதான். அதைக் கழித்தால் துருவக் கடலில் இருந்தது அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் பதிவுத்தபாலில் கடிதம் வந்தது. 'தங்களுடைய இவ்வருடச் சரிபார்ப்பு, கருவியின் அசாதாரண நிலை காரணமாகச் செல்லுபடியற்றது. வியாழக்கிழமை பத்து மணிக்கு முன் முழுமையாகச் சவர்க்காரமிட்டுக் குளித்துச் சமுகமளிக்கவும்.' கூடவே மூன்று கட்டிச் சவர்க்காரம் வந்தது. இந்திரகுமார் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"அரசாங்கம் குளிக்கச் சொல்லிக் கடிதம் போடுறது எனக்குத் தெரிஞ்சு இதுதான் முதல்," என்றார்.

அவள் வியாழக்கிழமை போனாள், குளிக்காமல். பணிப்பாளரே காத்திருந்தார்.

"நீங்கள் ஒத்துழைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்," என்றார் மெல்லிய குரலில்.

"நான் சவர்க்காரத்தை நிறுத்தினேன். இப்போது என்னைக் கழித்தாலும் கடலில் ஒன்றும் குறையவில்லை. அதனால் கடலில் இருப்பது நான் மட்டும் அல்ல. இதை நான் அறிக்கையில் எழுத வேண்டும்."

"அருள்ராணி, நீங்கள் இப்போது ஓர் அளவுகோல். அளவுகோலுக்கு அபிப்பிராயம் இருக்க முடியாது. எல்லா அளவுகோல்களும் பேசத் தொடங்கினால் ஒரு மீற்றர் எவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியும்?" அவர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "உங்களைக் கஷ்டப்படுத்த எங்களுக்கு விருப்பமில்லை. பழைய நான்கையே நிரந்தரமாக வைத்துக்கொள்கிறோம். இனி உங்களைத் துடைக்க மாட்டோம். நீங்கள் விரும்பிய சவர்க்காரத்தைப் பாவிக்கலாம்."

அவள் வெளியே வந்தாள். ஆய்வுகூடத்துக்குப் போனாள். அந்த வருடத்துப் பெட்டி வந்திருந்தது. வேலை பார்க்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது. போத்தலைத் திறந்து வடித்துக் கருவிக்குக் கொடுத்தாள். மறுபடி செய்தாள். மறுபடியும் செய்தாள். ஆறு.

நான்கு போனால் இரண்டு மிஞ்சும். அந்த நிறுவகத்தின் அறுபது வருடத்தில் கழித்தும் சைபராகாத முதல் இலக்கம் அது.

மத்தியானத்துக்குள் செய்தி மேல்மாடிக்குப் போய்விட்டது. பணிப்பாளர் அவளை அழைத்தார். வென்கே பக்கத்தில் ஒரு கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். குளியலறைப் பட்டியல் மேலே இருந்தது.

"உட்காருங்கள்," என்றார் பணிப்பாளர். "எங்களுக்கு இன்னும் ஓர் இரண்டு தேவைப்படுகிறது." கோப்பைத் தன் பக்கம் திருப்பினார். "உங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள் அல்லவா? ஹம்மர்பெஸ்டில் பிறந்தவள் என்று இதில் இருக்கிறது. அவளுக்கு இப்போது என்ன வயது?"

அருள்ராணி உட்காரவில்லை. அவருடைய முகத்தை நன்றாகப் பார்த்தாள். அதில் கெடுதல் எதுவும் தெரியவில்லை. ஒரு இலக்கத்துக்காகக் காத்திருக்கிற முகம், அவ்வளவுதான்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். ஆய்வுகூடத்துக்குப் போய், 2007 ஏப்ரலிலிருந்து கருவி எழுதித் தந்த தாள்களை எல்லாம் எடுத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, தான் கையெழுத்திட்ட கூட்டக் குறிப்பின் பிரதியையும் வைத்தாள். கீழ்மாடிக்கு இறங்கினாள். அங்கே நிறுவகத்துக்கு வருகிற கடிதங்களைப் பொதுப் பதிவேட்டில் ஏற்றுகிற யன்னல் இருந்தது. அந்தப் பதிவேட்டில் ஒன்று ஏறிவிட்டால், நாட்டில் யார் கேட்டாலும் காட்டியே ஆக வேண்டும். பதிவாளர் ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த மனிதர். மேல்மாடிக்கு அவர் ஒருபோதும் போனதில்லை.

"உள்ளே வேலை செய்கிறவர்களும் இங்கே கொடுக்கலாமா?" என்று அவள் கேட்டாள்.

"யாரும் கொடுக்கலாம்." அவர் முத்திரையை மையில் ஒற்றினார். "அனுப்புநர்?"

"அருள்ராணி இந்திரகுமார்."

அவர் எழுத்துக்கூட்டி எழுதினார். மேலே தொலைபேசி ஒன்று அடித்து நின்றது. படிக்கட்டில் யாரோ இறங்கி வருகிற சத்தம் கேட்டது, வென்கேயின் சப்பாத்தாக இருக்கலாம்.

"விடயம்?"

"ஆறு," என்றாள் அருள்ராணி. "ஒன்றும் கழிக்காமல்."

அவர் அதை அப்படியே எழுதி, முத்திரையைக் குத்தினார்.